வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி

மூங்கில்துறைப்பட்டு,
வியாழக்கிழமை.

மதிப்பும் பாசமும் உள்ள வெங்கடேசன் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் எழில்மதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

முதலில், கடிதம் எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். இந்தக் காலத்தில் கையால் முகவரி எழுதிய உறையைத் தபால்காரர் நீட்டினால் யாருக்கும் கெட்ட சேதியோ என்றுதான் தோன்றும் என்று தெரியும். ராதிகா அத்தை பிரிக்கும் முன்பே அழ ஆரம்பித்திருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். இங்கே அப்பா, அம்மா, சுபாஷ் அண்ணன், நான், இரண்டு மாடுகள், நீங்கள் கொடுத்த கார், எல்லோரும் இன்று வியாழக்கிழமை வரை நலம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில், கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை ஏறும் வழியில்தான் ஆகும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அம்மாவின் போன் கீழே விழுந்ததிலிருந்து ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசுகிறது. அதில் ஓர் இரகசியம் சொன்னால் முதலில் எதிர்வீட்டு ரங்கம்மாளுக்குக் கேட்கும், அப்புறம்தான் உங்களுக்கு. என் போனை அண்ணன் வாங்கி வைத்திருக்கிறான். காரில் மாட்ட அவன் வாங்கப்போகிற ஒரு பெட்டிக்கு ஓர் ஆப் இருக்கிறது, அது அவனுடைய பழைய போனில் ஏறவில்லை, என்னுடையதில் ஏறிவிட்டது. ஆகவே பேனாவை எடுத்தேன். கல்லூரியில் கடைசிப் பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கொடுத்தபோது அது அமைதியான கார், மாமா. டீசல் கார் என்றே தெரியாது. அண்ணன் விதைக் கம்பெனி வேலையாக வாரத்துக்கு மூன்று நாள் அதில் வெள்ளிமலைக்குப் போய்வருவான், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அப்புறம் கள்ளக்குறிச்சியில் கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் ஜீவா அண்ணனின் கடையைக் கண்டுபிடித்தான். முதலில் ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், வண்டி நன்றாக மூச்சு விடுமாம். அடுத்து சைலன்சரை மாற்றினார்கள். அந்தச் சைலன்சரை மாட்டிக்கொண்டு அவன் ஊருக்குள் நுழைந்த நேரம், அப்பா ஆலைக்குப் போகிற கரும்பு வண்டியில் மாடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாடுகள் மிரண்டு, வண்டி வாய்க்காலுக்குள் இறங்கி, கரும்பெல்லாம் தண்ணீரில் மிதக்க, ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி எடுத்துக் கொடுத்தது. அன்றிலிருந்து அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. பதினோரு மாதம் ஆகிறது. இதை அம்மா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஸ்பீக்கர்.

பேசிக்கொள்வதில்லை என்றால் பேச்சு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எல்லாமே என் வழியாகப் போகிறது. இருவரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நான் நிற்பேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தத் தொரைக்கு சோறு வேணுமா வாணாமான்னு கேளு" என்பார். நான் திரும்பி, "அண்ணா, அப்பா சாப்பிட வரச் சொன்னாரு" என்பேன். அண்ணன், "எனக்கு ஒண்ணும் வாணாம், அவரே எல்லாத்தையும் கொட்டிக்கச் சொல்லு" என்பான். நான் திரும்பி, "அண்ணனுக்குப் பசியில்லையாம்பா, உங்கள முதல்ல சாப்புடச் சொல்லுது" என்பேன். இருவர் காதிலும் இருவர் சொன்னதும் விழத்தான் செய்கிறது. ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் அது சொன்னதாக ஆகும், நான் சொன்னதற்குத்தான் பதில் வரும். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காரம் குறைத்துத்தான் சொல்வேன். இல்லாவிட்டால் வீடு தாங்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணன் அகலமான டயர் போட்டான். டயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மலை ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. போன மாதம் மூன்றாவது வளைவில், மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ராசு அண்ணனின் ஜீப் இவனை முந்திப் போயிருக்கிறது. உள்ளே பதினாறு பேர், மேலே அரிசி மூட்டைகள், பின்னால் ஓர் ஆடு. ஜீப் முந்தியதைக்கூட அண்ணன் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்த ஆடு வளைவு முடியும் வரை இவனையே பார்த்துக்கொண்டு போனதாம். வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னை ஜீவா அண்ணனின் கடைக்குக் கூட்டிப்போனான்.

என்னை எதற்கு என்றால், நான் பட்டம் வாங்கியவள். நம் வீட்டில் முதல் பட்டம் என்று நீங்கள் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தீர்களே, அதன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறேன். அன்றிலிருந்து இங்கிலீஷில் எது எழுதியிருந்தாலும் அது என்னுடைய வேலை. மருந்துச் சீட்டு, ஆலை நோட்டீஸ், பூச்சிமருந்து டப்பா, ரங்கம்மாள் மகனுக்கு துபாயிலிருந்து வந்த கடுதாசி, எல்லாம். "அண்ணா, நான் படிச்சது தாவரவியல், செடி கொடிதான் தெரியும்" என்றேன். "செடிக்குத் தண்ணி, இஞ்சினுக்கு டீசலு. எல்லாம் ஒண்ணுதான், வா" என்றான்.

ஜீவா அண்ணன் நல்லவர், மாமா. அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர் எதற்கும் பயப்படாதவர், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பானட்டைத் திறந்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் இஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். "தங்கச்சி, கம்பெனிக்காரன் வண்டியக் கட்டிப் போட்டு அனுப்பறான். நாம அவுத்து வுடறோம், அவ்ளோதான். இந்தப் பெட்டிய மாட்டிட்டா மலை தானா கீழ எறங்கி வரும்" என்றார். மலை கீழே இறங்கி வருவதைத்தான் நான் மழைக்காலத்தில் செய்தியில் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் காட்டிய நீலப் பெட்டி, கறுப்புப் பெட்டி இரண்டின் விளக்கப் புத்தகங்களையும் வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு வாரமாகப் படிக்கிறேன். என் பாடங்களைக்கூட இப்படிப் படித்ததில்லை.

இந்தப் பெட்டியைப் பிக்கிபேக் கம்ப்யூட்டர் என்கிறார்கள். குழந்தையை முதுகில் உப்பு மூட்டை தூக்குவோமே, அந்த மாதிரி வண்டியின் சொந்தக் கம்ப்யூட்டரின் முதுகில் இது ஏறி உட்காரும். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துச் சொல்லுங்கள். டீசல் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு சென்சார். அது சொல்வதைக் கேட்டு டீசலைக் கூட்டிக் குறைத்து விடக் கம்ப்யூட்டர். பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். சென்சார் நூறு என்றால் பெட்டி அதை வாங்கி, தொண்ணூறு என்று மாற்றிச் சொல்லும். அடடா குறைகிறதே என்று கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் அனுப்பும். வண்டி பாயும். கடைசி வரை சென்சாருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. இதைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது, மாமா. பதினோரு மாதமாகக் கூடத்தில் நான் செய்துகொண்டிருப்பதை யாரோ தைவானில் பெட்டியாகச் செய்து விற்கிறார்கள்.

நீலப் பெட்டி தீப்பெட்டி அளவுதான். பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது, வலப்புறம் திருப்பினால் பொய் அதிகம், இடப்புறம் திருப்பினால் கம்மி, அவ்வளவுதான். ஒருமுறை வைத்துவிட்டால் காலையில் குளிர்ந்த இஞ்சினிலும் அதே பொய், மலையில் கொதிக்கும் இஞ்சினிலும் அதே பொய். இப்படிப் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பது எனக்கு அனுபவத்திலேயே தெரியும். கறுப்புப் பெட்டி சோப்பு டப்பா அளவு. இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் அழுத்தத்தையும் பார்க்கிறது, இஞ்சின் சூடாகும்வரை வாயைத் திறக்காமல் காத்திருக்கிறது, போனிலிருந்தே பூஜ்யம் முதல் ஏழு வரை எண் வைக்கலாம். பூஜ்யம் என்றால் பெட்டி சும்மா இருக்கும், கேட்டதைக் கேட்டபடி சொல்லும். எங்கள் வண்டியைப்போல் சின்ன மாற்றங்கள் மட்டும் செய்த வண்டிக்கு இரண்டுக்கு மேல் போக வேண்டாம் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அண்ணன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அது சும்மா பயங்காட்டறது" என்றான். இது இரண்டும் இல்லாமல், வண்டியின் கம்ப்யூட்டரையே திருத்தி எழுதும் ஆள் ஒருவர் சேலத்தில் இருக்கிறாராம், அதைக் கழற்றிப் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினால் இரண்டு நாளில் திரும்பி வருமாம். மூளையைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்புவதா என்று நான் கேட்டதில் அந்தப் பேச்சு நின்றது. என்னால் நிறுத்த முடிந்தது அது ஒன்றுதான்.

என்னை உறுத்துவது இதுதான். கிளட்ச் வழுக்கும் என்று போட்டிருக்கிறது, சூடேறும், கரும்புகை வரும் என்று போட்டிருக்கிறது. வண்டியை வேகமாக ஓட்ட மூன்று வழி கடைக்கு வந்திருக்கிறது, நிறுத்துவதற்கு நீங்கள் ஓட்டியபோது இருந்த அதே பிரேக்தான் இருக்கிறது. பிரேக்கைப் பற்றி ஜீவா அண்ணனிடம் மெல்லக் கேட்டேன். "ஏத்தத்துல பிரேக் எதுக்கு தங்கச்சி?" என்றார். ஏறினால் இறங்க வேண்டாமா?

இனிமேல்தான் நான் செய்த தவறு. திங்கட்கிழமை மத்தியானம் கரும்புக் கொல்லைக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அப்பா வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ஏ எழிலு, உங்கண்ணன் வண்டிக்கு இன்னாமோ டப்பா வாங்கறானாமே, இன்னாத்துக்கு அது?" என்றார். அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டே என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "அது வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டிப்பா" என்றேன். முழுப் பொய்யும் இல்லை மாமா, யோசித்துப் பாருங்கள். கட்டுப்படுத்தத்தான் செய்கிறது, எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை.

அப்பா தீட்டுவதை நிறுத்திவிட்டார். "அவனாவா கேட்டான்?"

"ஆமாப்பா. அதுவாவேதான்."

கத்தியைக் கீழே வைத்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வியர்வை முகத்தில்தான் இருந்தது, ஆனால் கண்ணைத்தான் துடைத்தார். "புத்தி வந்துடுச்சி பாரு. அப்பிடின்னா இருக்கறதுலயே பெருசாப் பாத்து மாட்டச் சொல்லு. மாட்டிக்கினு மொத ஓட்டம் மலைக்கோயிலுக்குப் போவலாம், நானும் வர்றேன்னு சொல்லு" என்றார். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சாமிக்குக் காட்டிவிடுவது எங்கள் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும், மிக்ஸிக்கே பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கியவர் அவர். ஆனால் சைலன்சர் மாட்டியதிலிருந்து அந்தக் காரின் நிழலில்கூட அப்பா நின்றதில்லை.

நான் வீட்டுக்கு ஓடி வந்து அண்ணனிடம் சொன்னேன். "அப்பா இருக்கறதுலயே பெரிய பெட்டியாப் பாத்து மாட்டச் சொன்னாரு. மொத ஓட்டத்துக்கு அவரும் வர்றாராம்." பதினோரு மாதத்தில் அப்பா சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் நான் சொன்னது அன்றைக்குத்தான். அதுதான் வினையாகிவிட்டது.

அண்ணன் நம்பவில்லை. "எங்கப்பாவா? நம்ம அப்பாவா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு வெளியே போய் முன்சீட்டைத் துடைத்தான். துடைத்த சீட்டையே திரும்பவும் துடைத்தான். அன்று மாலை கூடத்தில் அப்பா சுவரைப் பார்த்து, "காபி குடிச்சானான்னு கேளு" என்றார். தொரை இல்லை, நக்கல் இல்லை, நான் குறைக்க எதுவுமே இல்லை. அண்ணன், "குடிச்சேன்னு சொல்லு. அவருக்கு முட்டிவலி இன்னா ஆச்சுன்னு கேளு" என்றான். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாயசத்துக்குச் சேமியா வறுத்தாள்.

இப்போது என் நிலைமை புரிகிறதா, மாமா? வண்டி மெதுவாகப் போகப்போகிறது என்று நினைத்து அப்பா முன்சீட்டில் உட்காரப்போகிறார், அதுவும் பெல்ட் போடாமல். போன வருடம் கல்யாணத்துக்குப் போனபோது டிரைவர் பெல்ட்டை நீட்டியதற்கு, "கட்டிப் போடறதுக்கு நான் இன்னா கன்னுக்குட்டியா?" என்று கேட்டவர் அவர். அப்பாவுக்கு வேகம் பிடித்திருக்கிறது என்று நினைத்து அண்ணன் ஏழில் வைத்து ஓட்டப்போகிறான், வழியில் அந்த ஜீப் வேறு வரும். பின்சீட்டில் நானும் அம்மாவும். உண்மையைச் சொன்னால் இந்த ஞாயிறு யாரும் மலை ஏற மாட்டார்கள், ஆனால் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஒரு பள்ளத்தில் குடும்பமாகப் பேசிக்கொண்டு கிடப்போம். தினமும் காலையில் கண் விழித்ததும் இன்னும் எத்தனை நாள் என்றுதான் விரல் மடக்குகிறேன். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட, இதற்கு அடுத்த வாரம் யார் ஊற்றுவார்கள் என்று தோன்றுகிறது.

சனிக்கிழமை ஜீவா அண்ணன் பெட்டியை மாட்டுகிறார். எதை மாட்டுவது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம், படித்தவளாம். பூஜ்யம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கறுப்புப் பெட்டியைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஓசூரில் தினமும் முப்பது காரின் வயிற்றைத் திறந்து பார்க்கிறவர் நீங்கள், அது சரியா என்று சொல்லுங்கள். இதை இன்று ஸ்பீடு போஸ்ட்டில் போட்டால் சனிக்கிழமை கிடைக்கும். கிடைத்ததும் அம்மாவின் போனுக்கு அழைத்து, நான் எழுதியது தெரியாத மாதிரி, "வண்டிக்கு எந்தப் பெட்டியும் மாட்டாதீங்க, முதல்ல பிரேக்கைப் பாருங்க, நானே நேர்ல வந்து பாக்கறேன்" என்று நீங்களாகவே சொல்வதுபோல் சொல்லிவிடுங்கள். தாய்மாமன் சொன்னால் அப்பாவும் கேட்பார், அண்ணனும் கேட்பான், யார் மனமும் நோகாது. இதைவிடப் பெரிய உதவி நான் உங்களிடம் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

ராதிகா அத்தைக்கு என் வணக்கம். தனுஷா குட்டிக்கு முத்தம், அவளைப் பின்சீட்டில் எப்போதும் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். உங்கள் குடும்பத்துக்கு மழையும் விளைச்சலும் நல்ல சாலையும் கிடைக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
எழில்மதி

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): கடிதத்தைப் போடவில்லை, மாமா. வியாழக்கிழமையே கள்ளக்குறிச்சித் தபால் நிலையம் வரை போனேன். அங்கே ஆதார் திருத்தும் வரிசையில் ஜீவா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "இன்னா தங்கச்சி, யாருக்கு லெட்டரு?" என்று வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். "சும்மாண்ணா" என்று சொல்லி, உறையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கறுப்புப் பெட்டியை மாட்டினார்கள். ஞாயிறு காலை நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்பட்டோம். அப்பா வெள்ளை வேட்டி கட்டி முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னாலிருந்து கையை நீட்டி அவருக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டேன். சாமிக்குப் போகிற நாள் என்று விட்டுவிட்டார். ஆப் இருந்த என் போனை, ஓட்டிக்கொண்டே பார்க்க முடியாது என்று அண்ணன் என் கையில் கொடுத்திருந்தான். கச்சிராயபாளையம் வரை இரண்டில் வைத்திருந்தேன். அணை தாண்டியதும் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எழிலு, அஞ்சு போடு" என்றான். போட்டேன். போடாமல் இருக்கும் தைரியம் அப்போது எனக்கு வரவில்லை. முதல் வளைவில் வண்டி யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி பாய்ந்தது. அம்மா எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். முன்னால் ராசு அண்ணனின் ஜீப் தெரிந்தது. அப்பா மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "ஏ எழிலு, டப்பா பத்தலன்னு சொல்லு, இன்னும் ஏத்தச் சொல்லு!" என்று கத்தினார். வேகத்தைக் குறைக்கும் பெட்டி அல்லவா, ஏற்றினால் இன்னும் குறையும் என்று அவர் கணக்கு.

அண்ணன் வழக்கப்படி நான் சொல்வதற்காகக் காத்திருந்தான். நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "டேய் சுபாசு! ஏத்துடா!" என்றார். பதினோரு மாதத்துக்குப் பிறகு நேராக. அண்ணன் முகம் எப்படி மலர்ந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சரிப்பா! எழிலு, ஏழு போடு!"

நான் பூஜ்யம் போட்டேன்.

வண்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. ஜீப் முன்னால் போய்விட்டது. அப்பா பிடியை விட்டுவிட்டு, "ஆங், இப்பதாண்டா நல்லா வேல செய்யுது. நல்ல டப்பாடா, எப்பிடிக் கொறைக்குது பாரு" என்று அண்ணனின் தோளைத் தட்டினார். அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "கொறைக்கறதா? இது ஏத்தறதுக்குப்பா." "ஏத்தறதுக்கா? அவதான் கட்டுப்படுத்தறதுன்னு சொன்னா." "எங்கிட்ட, நீ பெருசா மாட்டச் சொன்னதா இல்ல சொன்னா." இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, அப்படி ஒரு மலையை இதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வளைவிலேயே அரை மணி நேரம் நின்றோம். பதினோரு மாதத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் என்னைத் திட்டியதுதான். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடங்கினார், அவ்வளவு ஒற்றுமை. பழைய சேதிகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "போன பொங்கலுக்கு நீ என்னிய சட்டை எடுத்துக்கச் சொன்னியாப்பா?" "நான் எங்கடா சொன்னேன், ஒழிஞ்சி போவட்டும்னுதான சொன்னேன்." அதைக் கேட்டு இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்புறம் கோயிலுக்குப் போய், சுமாரான வேகத்தில் பத்திரமாக வீடு திரும்பினோம். பிரேக்கை நேற்று சர்வீஸுக்குக் கொடுத்தாயிற்று, அப்பாவே சொன்னார். இப்போது இருவரும் கூடத்தில் உட்கார்ந்து கரும்பு, டயர், எல்லாவற்றையும் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். என்னிடம்தான் பேச்சில்லை. எதுவானாலும் அம்மாவிடம், "அவகிட்ட சொல்லு" என்கிறார்கள். அம்மாவும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். போன் செய்து பெட்டி வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். இன்று கடிதத்தைப் போடுவது வேறு ஒன்றுக்காக. இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால் கடைசியில் எழுதுகிறேன். அந்தப் பூஜ்யத்தைத் தொட்ட நேரத்தில், வீட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து முதல்தடவையாக, எனக்குப் பயம் இல்லை. வண்டி என் பேச்சைக் கேட்டது. வண்டி என்றில்லை, இதுவரை எதுவுமே அப்படிக் கேட்டதில்லை. வரும்போது வழியெல்லாம் அண்ணனின் காலையும் கையையும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், எந்த வளைவுக்கு எந்தக் கியர் என்று எல்லாம் மனதில் இருக்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்து பயப்பட்டது போதும், மாமா. எனக்கு அந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்டேன் என்றே சொல்லுங்கள். பெட்டி அதிலேயே இருக்கட்டும்.